"பழகிடுச்சு டாக்டர்": ஆம்பூர் தோலும் நம்ம உடம்புக் கந்தகமும்

1/ வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடின்னு எங்க பக்கம் எந்த அரசு மருத்துவமனை ஓ.பி.யில உட்கார்ந்தாலும் ஒரு வார்த்தை அடிக்கடி காதுல விழும். "பழகிடுச்சு டாக்டர்." டேனரி நாத்தம் பழகிடுச்சு. கையில அரிப்பு பழகிடுச்சு. கண் எரிச்சல் பழகிடுச்சு. இந்த இழை அந்த ஒரு வார்த்தையைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம். டீ குடிச்சுட்டு பொறுமையா படிங்க.

2/ என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். தோல் பதனிடும் தொழில்ல ரெண்டு பெரிய நச்சு இருக்கு. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, குரோமியம் 6. இந்த ரெண்டுக்கும் மனுஷ உடம்பு பழகவே பழகாது. "பழகிடுச்சு"ன்னு நாம நினைக்கிற நேரத்துல மூக்கு செயலிழந்திருக்கும், இல்ல தோல் அலர்ஜிக்குத் தயாராகியிருக்கும், இல்ல செல்லுக்குள்ள சேதம் நடந்துக்கிட்டிருக்கும்.

3/ இந்த மூணு இடத்துலயும் கதையின் நடுவுல நிக்கிறது ஒரே தனிமம்: கந்தகம். நம்ம புரதத்துக்குள்ள இருக்கற கந்தகம். நான் எம்.பி.பி.எஸ். படிச்ச டாக்டர், வேதியியல் பேராசிரியர் இல்ல. அதனால பிளஸ் டூ வேதியியல் அளவுலயே சொல்றேன். அது போதும்.

4/ இன்னொண்ணும் சொல்லிடறேன். இது "டேனரிய மூடு"ன்னு சொல்ற இழை கிடையாது. எங்க ஊர்ல எத்தனையோ வீட்ல அடுப்பு எரியறதே தோலாலதான். ஆம்பூர் ஷூ கம்பெனி சம்பளத்துல படிச்சு மேல வந்த பிள்ளைங்க ஏராளம். தொழில் நடக்கணும். அதுல வேலை பார்க்கறவங்க நல்லபடியா வீடு திரும்பணும். அவ்வளவுதான்.

5/ சரி, விஷயத்துக்கு வருவோம். நம்ம புரதமெல்லாம் 20 வகை அமினோ அமிலத்தால ஆனது. அதுல கந்தகம் இருக்கறது ரெண்டுல மட்டும்: மெத்தியோனின், சிஸ்டைன். இந்தச் சிஸ்டைன் ரொம்ப சுறுசுறுப்பு. ரெண்டு சிஸ்டைன் பக்கத்துல வந்தா கந்தகமும் கந்தகமும் கைகோர்த்து ஒரு பாலம் போட்டுக்கும். அதுக்கு டைசல்ஃபைடு பிணைப்புன்னு பேரு.

6/ முடியில இருக்கற கெரட்டின் புரதத்துல இந்தப் பாலம் ரொம்ப அதிகம். முடி அவ்வளவு உறுதியா இருக்கறதுக்கு அது ஒரு முக்கியக் காரணம். முடி கருகினா வர்ற அந்தத் தனி நாத்தத்துலயும் இந்தக் கந்தகத்துக்குப் பங்கு உண்டு. பார்லர்ல முடியைச் சுருட்டறதும் நேராக்கறதும் பெரும்பாலும் இந்தப் பாலத்தை உடைச்சு வேற இடத்துல போடற வேலைதான்.

7/ இப்போ டேனரிக்குள்ள போவோம். உப்பு போட்ட ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ வருது. முதல் பெரிய வேலை முடியை எடுக்கறது. சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த தண்ணியில தோலைப் போடறாங்க. சல்ஃபைடு நேராப் போய் முடியோட கந்தகப் பாலத்தை உடைக்குது. முடி கூழாகிடுது. ஆனா தோல் அப்படியே நிக்குது. ஏன் தெரியுமா?

8/ தோலுக்கு உடம்பா இருக்கறது கொலாஜன். முதிர்ந்த கொலாஜன் இழையில சிஸ்டைன் கிடையாது. உடைக்கறதுக்குப் பாலமே இல்ல. அதனால அதே தொட்டியில முடி கரையும், தோல் தப்பிக்கும். வீட்ல பயன்படுத்தற முடி நீக்கும் கிரீமும் ஏறக்குறைய இதே தத்துவம். தோல் தொழிலே சிஸ்டைன்ங்கற ஒரு அமினோ அமிலம் எங்க இருக்கு, எங்க இல்லங்கறதை நம்பித்தான் ஓடுது.

9/ சல்ஃபைடு தண்ணி சுண்ணாம்போட காரத்துல இருக்கற வரைக்கும் வாயு பெருசா வெளிய வராது. அந்தத் தண்ணியில அமிலம் கலந்தா கதை மாறுது. பிக்கிள் பண்ற தண்ணியும் சரி, குரோம் தண்ணியும் சரி, அமிலம். இந்த ரெண்டு கழிவும் ஒரே கால்வாயில சேர்ந்தா, பிஎச் இறங்க இறங்க சல்ஃபைடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவா கிளம்பும்.

10/ கழிவுத் தொட்டியில இன்னொரு வழியும் இருக்கு. தோல் கழிவுத் தண்ணியில சல்ஃபேட் ஏராளம். காத்து இல்லாத சேத்துக்குள்ள இருக்கற பாக்டீரியா அதை சல்ஃபைடா மாத்தும். மேல பார்த்தா தொட்டி அமைதியா இருக்கும். உள்ள இறங்கி மண்வெட்டியால சேத்தைக் கிளறினா அடைஞ்சிருந்த வாயு மொத்தமா வெளிய வரும். இது காத்தை விட கனமானது, அதனால குழிக்குள்ளயே தங்கும்.

11/ இப்போ மூக்கு. அழுகின முட்டை நாத்தம் காத்துல ஒரு பிபிஎம் கூட வேண்டாம், அதுக்கும் கீழயே தெரிஞ்சிடும். ஒரு பிபிஎம்னா பத்து லட்சத்துல ஒரு பங்கு. ஆனா 100 பிபிஎம் கிட்ட போனா சில நிமிஷத்துல மூக்கோட நரம்பு வேலையை நிறுத்திடும். நாத்தமே தெரியாது. அந்த 100 பிபிஎம்மைத்தான் உடனடி உயிராபத்து அளவுன்னு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வச்சிருக்கு.

12/ இதை நல்லா கவனிங்க. நாத்தம் போயிடுச்சுன்னா வாயு போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. வாயு அதிகமாயிடுச்சுன்னும் இருக்கலாம். 500 பிபிஎம் தாண்டினா நினைவு தப்பும், 1000 பக்கம் போனா ஓரிரு மூச்சுலயே ஆள் சரிஞ்சிடலாம். "எனக்கு இந்த நாத்தம் பழகினதுதான், நான் இறங்கறேன்"னு ஒருத்தர் சொல்றார்னா, ஆபத்தைச் சொல்ற கருவி அவர்கிட்ட இல்லன்னு அர்த்தம்.

13/ உள்ள என்ன நடக்குது? நம்ம செல்லுக்குள்ள ஆக்ஸிஜனைப் பயன்படுத்தற கடைசிப் படியில சைட்டோகுரோம் ஆக்ஸிடேஸ்னு ஒரு நொதி இருக்கு. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதை அடைச்சிடும். ரத்தத்துல ஆக்ஸிஜன் இருந்தும் செல்லால அதை எடுத்துக்க முடியாது. சயனைடு செய்யற அதே வேலை.

14/ இதுல ஒரு வினோதம். நம்ம உடம்பே சிஸ்டைன்ல இருந்து துளித்துளியா ஹைட்ரஜன் சல்ஃபைடு தயாரிக்குது. ரத்தக்குழாய் தளர்றதுக்கெல்லாம் அது ஒரு சைகை. அந்தத் துளியை உடனுக்குடன் எரிச்சுத் தீர்க்கற ஏற்பாடும் செல்லுக்குள்ள இருக்கு. ஆனா அந்த ஏற்பாடு துளிக்குத்தான். குழிக்குள்ள இருக்கறது வெள்ளம்.

15/ அதனாலதான் ஒருத்தர் விழுந்தா அவரைத் தூக்கப் போற ரெண்டாவது ஆளும், மூணாவது ஆளும் விழறாங்க. பாசத்துல இறங்கறாங்க, கூட வேலை செய்யறவன்னு இறங்கறாங்க. கைக்குட்டையை நனைச்சு மூக்குல கட்டினா இந்த வாயு நிக்காது. ஜவுளி மாஸ்க்குல நிக்காது. காத்துக் குழாயோ சிலிண்டரோ மாட்டின தீயணைப்பு வீரரைத் தவிர யாரும் இறங்கக் கூடாது. 101, 108 ரெண்டுக்கும் போன் பண்ணுங்க.

16/ "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா டாக்டர் பார்த்துக்குவார்"னு நினைக்காதீங்க. ஆக்ஸிஜன் கொடுப்போம், மூச்சுக்கு டியூப் போடுவோம், இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்போம். பாம்புக்கடிக்கு இருக்கற மாதிரி நம்பிப் போடக்கூடிய முறிவு மருந்து இதுக்கு எங்க கையில இல்ல. இந்த மரணத்தைத் தடுக்கற இடம் வார்டு கிடையாது. தொட்டியோட மூடி.

17/ சட்டம் இல்லாம இல்ல. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தோட 36-வது பிரிவு, வாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, கிடங்குக்குள்ள யாரும் சும்மா இறங்கக் கூடாதுன்னு சொல்லிச்சு. தகுதியான ஒருத்தர் சோதிச்சு எழுத்துல சான்று தரணும், இல்லன்னா சுவாசக் கருவியும் கயிறு கட்டின பெல்ட்டும் வேணும். சுதந்திரம் வந்த மறுவருஷமே எழுதியாச்சு.

18/ அப்புறம் 2013-ல மனிதக் கழிவை மனிதர் அகற்றும் வேலையைத் தடை செய்த சட்டம் வந்துச்சு. சாக்கடை, செப்டிக் டேங்க் மரணத்துக்கு இழப்பீடு 10 லட்சம்னு உச்ச நீதிமன்றம் 2014-ல சொன்னது, 2023 அக்டோபர்ல அதை 30 லட்சமாக்கிச்சு. தொகை ஏறியிருக்கு, நல்லது. ஆனா இழப்பீடுங்கறது செத்த பிறகு வர்ற பணம். வாயு மீட்டர் உயிரோட இருக்கும்போது வாங்கற சாமான்.

19/ கழிவோட பக்கத்துலயே வாழப் பழகறதோட விலை என்னன்னு ராணிப்பேட்டை ஒரு முறை பார்த்துச்சு. 2015 ஜனவரி 31, சிப்காட்ல தோல் கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோட சேத்துத் தொட்டிச் சுவர் இடிஞ்சுது. பக்கத்து டேனரியில தூங்கிட்டிருந்த தொழிலாளர்கள் மேல சேறு பாஞ்சுது. 10 பேர் இறந்தாங்க. பெரும்பாலானவங்க மேற்கு வங்கத்துல இருந்து பிழைக்க வந்தவங்க. அது சுவர் இடிஞ்ச விபத்து, வாயு விபத்து இல்ல. ஆனா சேத்துத் தொட்டிக்குப் பக்கத்துல படுக்கறது சாதாரணம்னு எல்லாருக்கும் பழகியிருந்துச்சு.

20/ இது வரைக்கும் ஒரு நாள்ல கொல்றதைப் பார்த்தோம். அடுத்தது வருஷக்கணக்குல வேலை செய்யறது: குரோமியம். இதுலதான் எங்க ஊர்ல ரெண்டு கட்சி. ஒரு கட்சி "குரோமியம்னாலே கேன்சர்"ங்கும். இன்னொரு கட்சி "நாங்க போடறது குரோமியம் 3, அது சாது"ங்கும். ரெண்டுமே பாதி உண்மை.

21/ வெட் புளூ தோலோட நீலப்பச்சை நிறம் குரோமியம் 3. அது செல்லுக்குள்ள சுலபமா நுழையாது. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய்க் காரணின்னு வகைப்படுத்தல. குரோமியம் 6-ஐ முதல் வகுப்புல, அதாவது மனுஷருக்கு உறுதியான புற்றுநோய்க் காரணின்னு வச்சிருக்கு. அதுக்கு ஆதாரம் பெரும்பாலும் குரோமேட் தயாரிப்பு மாதிரி தொழில்ல அதைச் சுவாசிச்சவங்களோட நுரையீரல் புற்றுநோய்.

22/ அப்போ 3 போட்டா நிம்மதியா இருக்கலாமா? பிரச்சனை என்னன்னா 3 எப்பவும் 3-ஆவே இருக்கறதில்ல. தோலை அதிக வெப்பத்துல காய வச்சா, வெயில், புற ஊதாக் கதிர் பட்டா, சில வகை மீன் எண்ணெய் சேர்த்த தோல் பழசானா, கொஞ்சம் 6-ஆ மாறலாம். வெட்டின தோல் துண்டை எரிச்சா மாறலாம். மண்ணுல இருக்கற மாங்கனீசு ஆக்ஸைடாலயும் மாறும்.

23/ 6 நேரடியா இருந்த இடமும் நம்மகிட்ட உண்டு. ராணிப்பேட்டையில 1990-கள்ல மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை விட்டுட்டுப் போன கழிவு லட்சக்கணக்கான டன். 2006-ல பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட்ங்கற அமெரிக்க அமைப்பு உலகத்துலயே மோசமா மாசுபட்ட 10 இடம்னு பட்டியல் போட்டப்போ, செர்னோபில் கூட ராணிப்பேட்டையும் இருந்துச்சு.

24/ இப்போ உடம்புக்குள்ள போவோம். குரோமியம் 6 தண்ணியில குரோமேட்டா இருக்கும். நடுவுல ஒரு அணு, சுத்தி நாலு ஆக்ஸிஜன். அச்சு அசலா சல்ஃபேட் மாதிரியே உருவம். நம்ம செல்லுக்கு சல்ஃபேட் வேணும், அதுக்குன்னு வாசல் வச்சிருக்கு. அந்த வாசல் வழியா குரோமேட் ஜம்முனு உள்ள போயிடுது. இங்கயும் கந்தகம்தான் கதவு திறக்குது.

25/ உள்ள போனதும் அது எலக்ட்ரான் பிடுங்க ஆரம்பிக்கும். 6-ல இருந்து 3-க்கு இறங்க மூணு எலக்ட்ரான் வேணும். யார் தர்றா? பெரும் பங்கு வைட்டமின் சி. அடுத்தது குளூட்டாதயோன், சிஸ்டைன். குளூட்டாதயோன்ங்கறது மூணு அமினோ அமிலம் சேர்ந்த குட்டி பெப்டைடு: குளூட்டமேட், சிஸ்டைன், கிளைசின். நடுவுல இருக்கற சிஸ்டைனோட கந்தகம்தான் அதோட கை.

26/ சாதாரணமா எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியா இருக்கும். குரோமியம் கந்தகத்துகிட்ட இருந்து ஒரே ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கினா, கந்தகத்துல ஜோடி இல்லாம ஒண்ணு மிச்சமாகும். இதுதான் தயில் ராடிக்கல். ஃப்ரீ ராடிக்கல்னு விளம்பரத்துல கேட்டிருப்பீங்களே, அதுல ஒரு வகை. குரோமியம் 6-ம் குளூட்டாதயோனும் சேர்ந்தா இது உண்டாகறதை 1980-களின் கடைசியிலயே ஆய்வகத்துல பிடிச்சுக் காட்டிட்டாங்க.

27/ இந்த ராடிக்கல் நிலைச்சு நிக்காது. ஒரு கண் சிமிட்டற நேரம் இதுக்கு ஒரு யுகம். அதனால இது அடுத்து என்ன செய்யும்னு தெரிஞ்சுக்க ஆய்வகச் சோதனை மட்டும் போதல. அணுவுக்கு அணு குவாண்டம் கணக்கு போட்டு, எந்தப் பிணைப்பு எவ்வளவு வலு, எது எதைப் பிடுங்க முடியும்னு கணினியில பார்க்கறாங்க. கணினி வேதியியல்னு தனித்துறையே இருக்கு.

28/ கனடாவோட கால்கரி பல்கலைக்கழகத்துல ஆர்வி ராக் குழு 1998-ல இப்படி ஒரு கணக்கு போட்டாங்க. கேள்வி இதுதான்: சிஸ்டைனோட தயில் ராடிக்கல், புரதத்தோட முதுகெலும்பு மாதிரி இருக்கற கார்பன்கள்ல இருந்து ஹைட்ரஜனைப் பிடுங்க முடியுமா? பிணைப்பு வலுவைப் பார்த்தா முடியும்னு வந்துச்சு. எவ்வளவு சுலபமாங்கறது அந்தப் புரதம் எப்படி மடிஞ்சிருக்குங்கறதைப் பொறுத்தது.

29/ நம்ம பாஷையில சொன்னா: அடிபட்ட கந்தகம் அடியைத் தன்னோட நிறுத்திக்கணும்னு கட்டாயம் இல்ல. பக்கத்துல இருக்கற புரதத்துக்குக் கை மாத்தி விடலாம். ஆக்ஸிஜனுக்கு எலக்ட்ரானைத் தள்ளி சூப்பராக்ஸைடு உண்டாக்கலாம். செல் சவ்வோட கொழுப்பையும் மாத்தலாம். கூடவே கடைசியில உண்டான குரோமியம் 3 உள்ளேயே மாட்டிக்கிட்டு டி.என்.ஏ.வுல ஒட்டிக்குது.

30/ இங்கதான் ஒரு பழைய வாதம் உடையுது. "உடம்பே 6-ஐ 3-ஆ மாத்திடுதே, அப்புறம் என்ன பயம்?"னு கேட்பாங்க. மாத்தறது உண்மை. எங்க மாத்துதுங்கறதுதான் கேள்வி. எச்சில்லயும் வயித்து அமிலத்துலயும், செல்லுக்கு வெளியவே மாறிட்டா நல்லது, 3 உள்ள போகாது. செல்லுக்குள்ள போய் மாறினா, அந்த மாற்றம்தான் சேதமே.

31/ அதனால குளூட்டாதயோன் மாத்திரை, டீடாக்ஸ் பவுடர், வெள்ளையாக்கற ஊசின்னு யாராவது "குரோமியத்தை முறிச்சிடும்"னு வித்தா வாங்காதீங்க. செல்லுக்குள்ள குளூட்டாதயோன் குறையில்லாம இருக்கறது நல்லதுதான். ஆனா குரோமியத்துகிட்ட எலக்ட்ரானைப் பறிகொடுக்கறதுல அதுவும் ஒரு ஆள். வெல்லம், வாழைப்பழம், பால் கொடுத்துட்டு "உடம்பு தாங்கிக்கும்"னு சொல்றதும் இதே கணக்குதான். பழம் சாப்பிடுங்க, அது சாப்பாடு. கையுறைக்குப் பதில் ஆகாது.

32/ தோலுக்கு வருவோம், அதாவது நம்ம தோலுக்கு. குரோமியம் 6 மேல்தோலைத் தாண்டி உள்ள போய், அங்க 3-ஆ மாறி, நம்ம புரதத்தோட ஒட்டிக்கும். நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியன்னு குறிச்சு வச்சுக்கும். அந்தக் குறிப்பு பல வருஷம், சிலருக்கு ஆயுசுக்கும் இருக்கும். அப்புறம் துளி பட்டாலும் அரிப்பு, நீர் கோத்தல், வெடிப்பு. பத்து வருஷம் ஒண்ணும் ஆகாம வேலை செஞ்சவருக்கும் பதினோராவது வருஷம் வரும்.

33/ ஒரு அடையாளம் சொல்றேன். லீவுல இருந்தா கை ஆறுது, வேலைக்குப் போனா ஓரிரு நாள்ல திரும்ப வருதுன்னா, வேலைதான் காரணமான்னு யோசிங்க. மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கற ஸ்டீராய்டு களிம்பை மாசக்கணக்குல தடவினா அரிப்பு அடங்கும், தோல் மெலிஞ்சு போகும், காரணம் அப்படியே இருக்கும். தோல் மருத்துவர்கிட்ட போங்க. டைக்குரோமேட் வச்சு முதுகுல ஒட்டிப் பார்க்கற பேட்ச் டெஸ்ட் இருக்கு.

34/ குரோமேட் புழங்கற வேலையில இன்னொண்ணு: குரோம் புண். விரல் மூட்டுல, நகக்கண் ஓரத்துல, மூக்கோட நடுச்சுவர்ல வரும். அதிகமா வலிக்காது. மூக்கோட சுவர்ல ஓட்டையே விழுந்திருக்கும், ஆளுக்குத் தெரியாது. வலி இல்லாததுனால "பழகிடுச்சு"ன்னு விட்டுடுவாங்க.

35/ ஆம்பூர்ல தச்ச ஷூ ஐரோப்பாவுக்குப் போகுது. 2015 மே முதல் அங்க ஒரு விதி: தோலைத் தொடற தோல் பொருள்ல குரோமியம் 6 ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது. அதனால ஏற்றுமதிக்கு முன்னாடி சோதிக்கறாங்க. சந்தோஷம். அப்போ அளக்கத் தெரியும், அளக்க ஆய்வகமும் இருக்கு. போடற காலுக்கு அளவு பார்க்கறோம், செய்யற கைக்கு ஏன் பார்க்கறதில்ல? இந்த இழையில நான் கேட்கற கேள்வியே இதுதான்.

36/ வெளியவே மாத்திடறதுக்கு ஒரு நல்ல உதாரணம் சிமெண்ட். சிமெண்ட்லயும் குரோமியம் 6 உண்டு, கொத்தனார் கை வெடிக்க அது ஒரு காரணம். ஐரோப்பாவுல 2005-ல இருந்து அதை 2 பிபிஎம்முக்குள்ள வைக்கணும். பெரும்பாலும் ஃபெரஸ் சல்ஃபேட் கலந்து மூட்டையிலேயே 6-ஐ 3-ஆ மாத்திடறாங்க. கொத்தனார் உடம்பு செய்ய வேண்டியிருந்த வேலையை ஆலையே செஞ்சிடுது.

37/ நீதிமன்றங்கள் சும்மா இல்ல. 1996 ஆகஸ்ட் 28, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை இன்னைக்கும் நாடு முழுக்க சட்டக் கல்லூரியில படிக்கறாங்க. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தினவரே செலவை ஏற்கணுங்கறதும் நம்ம நாட்டுச் சட்டத்தோட பகுதின்னு சொன்னது அதுலதான். டேனரிப் பகுதியில சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் கெட்டுப் போனதா அதுல பதிவாகியிருக்கு. 2025 ஜனவரியிலயும் பாலாறு மாசு பத்தி உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட்டுச்சு.

38/ ஆத்துக்கும் நிலத்துக்கும் வழக்கு நடந்திருக்கு, நடக்கணும். டிரம் பக்கத்துல நிக்கறவர் கையைப் பத்தி, தொட்டியில இறங்கறவர் மூச்சைப் பத்தி அந்த அளவுக்கு நாம பேசல. அதனால என் கோரிக்கைகள். முதல் ரெண்டும் முதலாளிகளுக்கு, சங்கங்களுக்கு. ஒண்ணு: குழிக்குள்ள ஆள் வேண்டாம், இயந்திரம். தவிர்க்கவே முடியாதுன்னா வாயு மீட்டர், காத்துக் குழாய், கயிறு, மேல ஒரு ஆள்.

39/ ரெண்டு: சல்ஃபைடு கால்வாயும் அமிலக் கால்வாயும் தனித்தனி. சல்ஃபைடு தண்ணியில மாங்கனீசு உப்பு போட்டுக் காத்து ஊதி, கந்தகத்தை அங்கயே ஆக்ஸிஜனேற்றம் பண்ற முறை பழசு, தெரிஞ்சது. சல்ஃபைடைக் குறைச்சு நொதியால முடி எடுக்கற முறையில சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நீண்ட காலமா வேலை செஞ்சிருக்கு. நம்ம பக்கத்து ஊர் அறிவுதான்.

40/ மூணு, அரசுக்கு: நிலத்தடி நீர்லயும் வேலையிடத்துலயும் "மொத்தக் குரோமியம்"னு மட்டும் போடாம 6-ஐத் தனியா அளந்து, முடிவை ஊர் மக்கள் படிக்கற மாதிரி தமிழ்ல ஒட்டணும். நாலு, என் கூட வேலை பார்க்கற டாக்டர்களுக்கு: ஓ.பி. சீட்டுல "என்ன வேலை?"ன்னு ஒரு வரி எழுதுவோம். குரோம் புண் தொழிற்சாலைகள் சட்டத்தோட மூணாவது அட்டவணையில இருந்த நோய். பார்த்த டாக்டர் தெரிவிக்கணும்னு 89-வது பிரிவு சொல்லிச்சு. தெரிவிக்காத நோய் கணக்குல இல்லாத நோய்.

41/ அஞ்சு, தொழிலாளர்களுக்கு: இ.எஸ்.ஐ. கார்டு இருக்கான்னு பாருங்க. குரோமியத்தால வர்ற நோய்கள் அதோட தொழில்சார் நோய்ப் பட்டியல்ல இருக்கு. ஒப்பந்த ஆளா இருந்தாலும் கேளுங்க. கிழிஞ்ச கையுறை கையுறை இல்லாததை விட மோசம், உள்ள போன தண்ணி உள்ளேயே நின்னு ஊறும். சாப்பிடறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் கை கழுவுங்க. வேலைத் துணியை வீட்டுப் பிள்ளைங்க துணியோட துவைக்காதீங்க.

42/ வீட்ல இருக்கறவங்களுக்கு: தோல் வெட்டுத் துண்டை வெந்நீர் அடுப்புலயோ குப்பையோடயோ எரிக்காதீங்க. கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வச்சா கிருமி சாகும், குரோமியம் போகாது. சந்தேகம் இருந்தா தண்ணியைச் சோதனைக்குக் கொடுங்க. குடிநீர்ல மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு இந்தியத் தர அளவு சொல்லுது.

43/ "இதெல்லாம் செலவு டாக்டர், தொழில் ஏற்கனவே மந்தம்"னு சிலர் எழுதுவீங்க. புரியுது. ஆனா செலவு இப்பவும் ஆகிட்டுத்தான் இருக்கு. அது கம்பெனி கணக்குல வராம, ஒரு குடும்பத்தோட அடகுக் கடை ரசீதுலயும் எங்க வார்டு கட்டில்லயும் வருது. யார் கணக்குல எழுதறதுங்கறதுதான் வித்தியாசம்.

44/ கந்தகம் கெட்டதும் இல்ல, குரோமியம் எதிரியும் இல்ல. சிஸ்டைனோட கந்தகம் இல்லாம நம்ம முடி இல்ல, இன்சுலின் இல்ல, தோல் தொழிலும் இல்ல. அதோட ஒரு எலக்ட்ரான் எங்க பறிபோகுதுங்கறதுல மட்டும் கவனம் வேணும். தொட்டியில போகட்டும், சுத்திகரிப்பு நிலையத்துல போகட்டும். மனுஷ செல்லுக்குள்ள போக வேண்டாம்.

45/ உங்க வீட்லயோ தெருவுலயோ டேனரியில வேலை பார்க்கற யாராவது இருந்தா, மொத்தமா படிக்க நேரமில்லன்னாலும் 11, 12, 15 இந்த மூணு பதிவையும் வாசிச்சுக் காட்டுங்க. கேள்வி இருந்தா கீழ கேளுங்க, டூட்டி முடிச்சு வந்து பதில் சொல்றேன்.